மஞ்சள் தண்ணீரில் ஊறிய சீட்டுகள்

‘பௌர்ணமி. மூட்டம். அக்கா சீட்டுகளை மாடியில் வைத்தாள். நிலா வரவில்லை, எடுத்துவிட்டாள்.’ 1996 ஆவணியில் என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். எங்கள் வீட்டார் தவிர வேறு யாருக்கும் இது விளங்காது என்பதால் விவரத்தை எழுதி வைக்கிறேன்.

அவை டாரட் சீட்டுகள். அக்காவின் கணவர், என் மாமா, மஸ்கட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். 1994 கடைசியில் விடுமுறைக்கு வந்தபோது, அறையில் உடன் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் கொடுத்ததாகச் சொல்லி அந்தக் கட்டைக் கொண்டுவந்தார். ரம்மி ஆடும் சீட்டைவிடப் பெரியது. ராஜா, ராணி, இடிந்து விழும் கோபுரம், தலைகீழாகத் தொங்கும் ஆள் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். மனதில் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு சீட்டை உருவினால் அதில் பதில் இருக்குமாம். கிளம்பும்போது அக்காவிடம், “பத்தரமா வெச்சிரு. அடுத்த தடவ வாரப்ப ஒண்ணு எடுத்துப் பாப்போம்” என்றார். பிறகு சில கடிதங்கள் வந்தன. 1995 ஆடிக்குப் பின் ஒன்றும் வரவில்லை.

கட்டோடு இங்கிலீஷில் ஒரு தாள் இருந்தது. கோவை துடியலூரில் அக்காவும் நானும் இருந்த வீட்டில் உட்கார்ந்து அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். சீட்டை அடுத்தவர் தொடக் கூடாது. பட்டில் சுற்றி வைக்க வேண்டும். அவ்வப்போது புகை காட்ட வேண்டும். முழுநிலவில் வைத்தால், தொட்டவர்களிடமிருந்து ஏறிய கெட்டது இறங்கிவிடும். இதில் எதுவும் அக்காவுக்குப் புதிதாகத் தெரியவில்லை. கல்யாண ரவிக்கையைப் பிரித்து அந்தப் பட்டில் சுற்றினாள். வெள்ளிக்கிழமை சாமிக்குக் காட்டிய சாம்பிராணியை அப்படியே சீட்டுக்கும் காட்டினாள். விலக்கான நாட்களில் தொடமாட்டாள். அமாவாசைக்கு அமாவாசை குளித்துவிட்டு ஒரே ஒரு சீட்டு உருவுவாள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டம்மா ஒருநாள் மதில்மேல் சாய்ந்துகொண்டு கேட்டார். “ஏனுங்க அம்மணி, உங்கூட்டுச் சீட்டுக்கட்டு வெள்ளிக்கெழம விரதமெல்லாம் இருக்குதாட்ட இருக்குதுங்க?”

“அது இருக்குதுங்க. நாந்தான் ரெண்டு வேளையும் திங்கறேன்” என்றாள் அக்கா.

அவள் சிரித்துப் பேசியதாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

1997 மாசியில், பவானியில் இருந்த மாமாவின் அம்மா விடியற்காலையில் இறந்துபோனார். அக்காவும் நானும் காந்திபுரம் போய் பஸ் ஏறினோம். ஏறுவதற்குமுன் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் மாமா எழுதிக் கொடுத்திருந்த பட்டறை எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் மலையாளி. மாமாவின் பெயரைச் சொல்லி, அம்மா தவறிவிட்டதையும் சொன்னேன். சொல்லிவிடுகிறேன் என்று அவர் மலையாளத்தில் சொன்னார். மாமா இன்னும் அங்கே இருக்கிறாரா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கிடைக்கவில்லை.

தகவல் சொல்லியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் பவானியில் ஐஸ் கட்டி வாங்கி வைத்து மறுநாள் வரை காத்திருந்தார்கள். அக்கா துணிப்பைக்குள் சீட்டுக்கட்டையும் எடுத்து வந்திருந்தது எனக்கு அங்கே போனபின்தான் தெரிந்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒரு சீட்டைக் காட்டினாள். குதிரைமேல் ஓர் ஆள், கையில் கிண்ணம்.

“வந்துட்டிருக்கறாரு கண்ணு.”

வெளியே போய்ப் பங்காளிகளிடம் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்டாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “வந்துருவாருங்க” என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை. பொறுத்தார்கள். பொழுது இறங்க ஆரம்பித்ததும் மாமாவின் சித்தப்பா எழுந்தார்.

“அம்மணி, வர்றவன்னா ஒரு போனாச்சும் பண்ணியிருப்பானல்லோ. கெழவியை இன்னும் எந்நேரந்தான் போட்டு வெக்கறது?”

மாமாவின் தம்பி கொள்ளி வைத்தார்.

துடியலூர் திரும்பியதும், சாவு வீட்டுக்குப் போய்வந்தால் செய்கிறபடி வெளியிலேயே குளித்தோம், துணிகளை நனைத்தோம். நான் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தபோது அக்கா அலுமினியச் சட்டியில் மஞ்சள் கரைத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாக அதில் விட்டுக்கொண்டிருந்தாள்.

“தண்ணியில போடச் சொல்லி அந்தத் தாள்ல இல்லீங்க்கா. பொகை காட்டுனாப் போதும்.”

“சாவூட்டுத் தீட்டு பொகைக்குப் போகுமா? அங்க கொண்டுபோனது நாஞ் செஞ்ச தப்பு. தீட்டுப் பட்ட சீட்டு எப்படி நெசம் சொல்லும்? அதான் அப்படிச் சொல்லிப்போட்டுது.”

சீட்டு பொய் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. அவர் வரமாட்டார் என்றும் சொல்லவில்லை. இரண்டையும் சொல்லாமலிருக்கத்தான் அத்தனை மஞ்சள் செலவானது என்று எனக்குப் பட்டது. நான் மேற்கொண்டு தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

மாடியில் காயப்போட்டாள். காற்று அடித்தது. பறந்துவிடும் என்று பயந்து, ஈரம் முழுக்கப் போவதற்குள் அடுக்கி, பட்டில் இறுக்கிக் கட்டி அரிசி டின்னின் அடியில் வைத்தாள். அடுத்த அமாவாசைக்குப் பிரித்தபோது கட்டு ஒரே பாளமாக ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் நெம்பினாள். மேல் சீட்டின் படம் உரிந்து கையோடு வந்தது. அடியில் வெள்ளை அட்டை மட்டும் தெரிந்தது. அதோடு விட்டுவிட்டாள்.

உருவ முடியாத அந்தக் கட்டியை மறுபடி பட்டில் சுற்றினாள். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி நிற்கவில்லை. பௌர்ணமிக்கு மாடியில் வைப்பதும் நிற்கவில்லை. இப்போது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். “அவரு கேட்டாருன்னா?” என்றாள். பக்கத்து வீட்டம்மா அதன்பிறகு ஒன்றும் கேட்டதில்லை.

1999இல் மஸ்கட்டிலிருந்து திரும்பிய ஈரோட்டுக்காரர் ஒருவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அதே பட்டறையில் வேலை செய்தவர். மாமாவைத் தெரியும் என்றார். இடையில் வேறு கம்பெனிக்கு மாறிப் போனார், எப்போது, எங்கே என்று தெரியாது என்றார். போன் எடுக்கும் மலையாளிகள் இரண்டு மூன்று பேர் இருந்தார்களாம். என்னிடம் பேசியவர் யார் என்று அவரால் சொல்ல முடியவில்லை. இதை நான் அக்காவிடம் சொன்னேன். “அப்பத் தெரியாமயும் இருந்திருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூபக்காலை எடுக்கப் போனாள்.

தாய் இறந்த செய்தி மாமாவை எட்டியதா, எட்டியும் வரவில்லையா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.