முதல் வரியை அடித்த சிவப்பு மை

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். நான்காக மடித்திருக்கிறது, மடிப்பெல்லாம் நைந்துபோய்விட்டது. அதில் நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், எட்டு வரிகள். ஒரு கம்ப்யூட்டருக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்ற பட்டியல். முதல் வரியில் பிராசசர். அந்த ஒரு வரியை மட்டும் யாரோ சிவப்பு மையால் இரண்டு தரம் அடித்து, பக்கத்தில் வேறொரு கம்பெனியின் பெயரைச் சாய்வாக எழுதியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான்.

தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். உதிரி சாமான்களை வாங்கிப் பொருத்தி, பெட்டியாக்கிக் கொடுக்கும் கடை. முதலாளி கல்லாவில் இருப்பார். எந்தக் கம்பெனி பிராசசர் போடலாம் என்று யார் கேட்டாலும் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். உலகத்தில் அந்தச் சாமானைச் செய்கிற பெரிய கம்பெனிகள் இரண்டு. ஒன்று எல்லோருக்கும் பெயர் தெரிந்தது. இன்னொன்று அப்போதுதான் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் முதல் கம்பெனியையே எழுதிக் கொடுப்பேன். "அது ஏன் சார் வேணாம்?" என்று யாராவது கேட்டுவிட்டால் என்னிடம் ஒரே பதில்தான். "அது சூடாவும்ங்க. நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்காது."

இதை எனக்கு யார் சொன்னது? எனக்கு முன்னால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்களோ! நான் ஒரு நாளும் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் சொல்லும்போது குரலில் ஒரு கனம் வரும். ஊரில் எங்கள் நிலம் முக்கால்வாசி கைமாறிப் போயிருந்தது. என்ஜினீயரிங் சேர்ந்து முடிக்காமல் வந்தவன் நான். மிராசுதார் வீட்டுப் பிள்ளை திருப்புளியோடு கடையில் நிற்கிறான் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். என் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லாத ஒரே இடம் அந்தக் கடைதான்.

அங்கேதான் ஒரு நாள் கொத்தனார் வந்தார். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், காலனித் தெருக்காரர். அவருடைய அப்பா எங்கள் பண்ணையில் ஆளாக இருந்தவர். இவரும் சின்ன வயதில் எங்கள் வயலில் வேலை பார்த்துவிட்டு, பிறகு கரணையைப் பிடித்து, கொத்தனாராகி, நான்கு பேருக்கு வேலை கொடுக்கிற அளவுக்கு வந்திருந்தார். என் அப்பா அவரைப் பெயர் சொல்லி "வாடா" என்றே கூப்பிடுவார். நான் படித்தவன் அல்லவா, "வாய்யா கொத்தனாரே" என்பேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். அந்த "ய்யா"வையே நான் பெரிய பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவரோடு அவருடைய மகளும் வந்திருந்தாள். சிவில் டிப்ளமா முடித்தவள். அப்பா கட்டுகிற வீடுகளுக்குக் கம்ப்யூட்டரில் பிளான் போட்டுக் கொடுத்து, வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று போட்டோ மாதிரியே படமும் செய்கிறாள் என்று அவர் சொன்னார். அதுவரை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்தவள். இப்போது கும்பகோணத்து பில்டர் ஒருவர், புதிதாகப் போடுகிற மனைப்பிரிவில் பன்னிரண்டு வீட்டுக்கும் படம் கேட்டிருக்கிறார். அதைச் சரியாக முடித்தால் அடுத்தடுத்து அவரிடமே வேலை. "சொந்தமா ஒரு பொட்டி வேணும் தம்பி. நம்ம தம்பி கடையில இருக்கையில வேற எங்க போறது?" என்றவர், சட்டைப்பையிலிருந்து இந்தத் தாளை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

முதல் வரியைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. மற்ற கம்பெனி! அதுவும் மாடல் நம்பரோடு, ஒரு எழுத்துத் தப்பில்லாமல். அந்த மாடல் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நானே அதைக் கையால் தொட்டதில்லை.

"இத யாரு எழுதிக் குடுத்தா?" என்றேன்.

"நான்தான் சார் எழுதுனேன்" என்றாள் அவள். "அதே விலைக்கு இதுல எட்டு கோர் வருது. நீங்க வழக்கமா போடுறதுல நாலுதான். போட்டோ மாதிரி படமா ரெண்டர் பண்ணி எடுக்கும்போது எல்லா கோரும் சேந்து வேல செய்யும். நாலு ஆள் நடுற வயல எட்டு ஆள் நட்டா சீக்கிரம் கரையேறிடலாம்ல சார்?"

எவ்வளவு அழகாகச் சொன்னாள்! இன்றைக்கு யாருக்காவது அதை விளக்க வேண்டுமென்றால் அந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். அன்றைக்கு எனக்குக் காது அடைத்துப்போயிற்று. கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். முதலாளி கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்தார். எங்கள் பண்ணையாளின் பேத்தி, என் ஸ்டூலுக்கு எதிரே நின்று, எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குச் சொல்லித் தருகிறாள். இதை வேறு யாராவது, ஒரு காலேஜ் வாத்தியாரோ டாக்டர் மகனோ சொல்லியிருந்தால், "அப்படியா சார், பாத்துடுவோம்" என்றிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"எட்டு ஆளும் வெயில்ல மயங்கி விழுந்துட்டா யாரும்மா நடுறது?" என்றேன்.

கடையே சிரித்தது. கொத்தனாரும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அம்மா இருபது வருஷம் நடவு ஆளாக எங்கள் சேற்றில் குனிந்து நின்றவர் என்பது எனக்குத் தெரியும். சொல்லும்போது நினைவில் இல்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நினைவு இருந்ததால்தான் அந்தக் கிண்டல் அவ்வளவு சட்டென்று வாயில் வந்தது.

"ரொம்ப சூடாவுமா சார்?" என்று கேட்டாள். குரல் இறங்கிவிட்டது. "பின்னாடி எழுதியிருக்கேன், பாருங்களேன்."

நான் தாளைத் திருப்பவே இல்லை. "கொதிக்கும். ஆறு மாசத்துல போர்டு போயிடும். அப்பறம் என்னய வந்து கேக்கக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவள் தோளைத் தொட்டு, "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. அவங்களுக்குத் தெரியாததா?" என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் இது வெறும் பேச்சில்லை. எங்கள் வீட்டார் ஒன்று சொன்னால், தப்பென்று தெரிந்தாலும் "சரிங்க" என்று போய்விடுவதுதான் தலைமுறை தலைமுறையாக அவர்கள் தெருவில் பழக்கம். அன்றைக்கு நான் பிராசசர் விற்கவில்லை, அந்தப் பழக்கத்தைத்தான் விற்றேன். அவள் "சரிங்க சார்" என்றாள். மறுநாளே பெட்டியைப் பொருத்தி, முகப்பில் முதல் கம்பெனியின் பளபளப்பான ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து, தை அறுவடை நடந்துகொண்டிருக்கும்போது கொத்தனார் போன் செய்தார். பெட்டி அடிக்கடி நின்றுபோகிறது, ஊருக்கு வந்தால் ஒரு எட்டுப் பார்க்க முடியுமா என்று. ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. ஒன்றரை பர்லாங் தூரம், முப்பத்திரண்டு வயது வரை போனதில்லை! ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறை. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்திருந்தாள். ஆளுக்குக் காற்று இல்லை, பெட்டிக்குத்தான். ஒரு படம் முடிய பகல் முழுக்க ஆகிறதாம், பாதியில் சூடேறி அணைந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். அந்த பிராசசர் மேல் குறை ஒன்றுமில்லை. வீட்டுக் கணக்கு வழக்குக்கும் பாடம் படிக்கவும் ஏற்றதை, நாள் முழுக்க மூச்சைப் பிடித்து ஓட வேண்டிய வேலைக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

"பன்னெண்டுல ஏழுதான் முடிஞ்சிது" என்றார் கொத்தனார். "பில்டரு திருச்சியில வேற ஆளப் பாத்துக்கிட்டாரு. போவுது, விடுங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என்ன சொன்னேன் தெரியுமா? "சுத்தி அறுவடை மிஷின் ஓடுதுல்ல, வைக்கோல் தூசி உள்ள போயிருக்கு" என்று சொல்லி, பிரஷ்ஷால் துடைத்துக் கொடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெட்டிக்குள் தூசியே இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "சரிங்க சார்" என்றாள். அவள் அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனவர் நின்று, கொத்தனாரைப் பார்த்தார். அவர் ஓடிப்போய்க் கடையிலிருந்து மூடி திறக்காத கலர் சோடா பாட்டில் ஒன்று வாங்கி வந்தார். அவர்கள் வீட்டு டீயை நான் குடிப்பேனா என்று அவர்களுக்குச் சந்தேகம். டீயே கொடுங்கள் என்று நானும் சொல்லவில்லை, பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பெட்டி நின்றுபோகிறது என்று போனே வரவில்லை. நான் துடைத்ததில்தான் சரியாகிவிட்டது என்று, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பாதி நம்பியும்விட்டேன். கொத்தனார் என்னை எங்கே பார்த்தாலும், பஸ்ஸில், கூட்டுறவு சங்கத்தில், திருவிழாவில், பக்கத்தில் நிற்பவரிடம், "தம்பி போட்டுக் குடுத்த பொட்டிங்க, எம்பொண்ணு அதுலதான் சம்பாரிக்குது" என்பார். அவர் சொல்லி ஆறேழு பேர் கடைக்கு வந்தார்கள். அவள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, தஞ்சாவூரில் சொந்தமாக ஆபீஸ் போட்டாள். ஊரில் எனக்கு நல்ல பேர். நானும் தலையை ஆட்டிக்கொண்டு எட்டு வருஷம் அதை வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் முதலாளி கடையை மூடினார். மேஜை இழுப்பறைகளைக் காலி செய்யும்போது பழைய எஸ்டிமேட் கத்தையோடு பின் அடித்து இந்தத் தாள் இருந்தது. அப்போதுதான் முதல் முறையாகத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கட்டம் போட்டு, ஒரே வீட்டுப் படத்தை இரண்டு கம்பெனி பிராசசரிலும் ஓடவிட்டு எத்தனை நிமிஷம் ஆனது என்று எழுதியிருந்தாள். திருச்சியில் கூடப் படித்தவர்கள் இரண்டு பேர் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறாள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. கடைசிக் கட்டம் மட்டும் காலி. அதற்கு நேரே, "சூடு? கடையில் கேட்க வேண்டும். சாருக்குத் தெரிந்திருக்கும்" என்று எழுதியிருந்தது.

அவளுக்குத் தெரியாதது அது ஒன்றுதான். அதைக் கேட்கத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்பு என் மகனுக்கு நான் வாங்கிய கம்ப்யூட்டரில் இருப்பது அந்த மற்ற கம்பெனி பிராசசர்தான். வாங்கும்போது ஒரு கணம்கூட எனக்கு அவள் ஞாபகம் வரவில்லை. அன்று வீட்டுக்குப் போய், மத்தியான வெயிலில், அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளுக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க சார்" என்றாள்.

"அது சூடாவாதும்மா" என்றேன். எடுத்த எடுப்பில் அதுதான் வந்தது. "அன்னைக்கி நான் தெரியாமத்தான் சொன்னேன். தெரியாதுன்னு சொல்ல மனசு வரல. உங்க அம்மாவ நெனச்சு அந்தக் கிண்டல வேற பண்ணுனேன்."

அந்தப் பக்கம் ஆபீஸ் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அடுத்த ஆடியிலயே மாத்திட்டேன் சார்" என்றாள். "திருச்சியில வாங்கி, உள்ள எல்லாத்தையும் எடுத்துட்டு, நான் கேட்டதயே போட்டுக்கிட்டேன். வெளிப் பொட்டி மட்டும் நீங்க குடுத்ததுதான். அந்த ஸ்டிக்கரக்கூடப் பிய்க்கல."

"ஏம்மா?"

"அப்பா நம்புறாரு சார். தம்பி நமக்குன்னு பாத்துச் செஞ்சாருன்னு ஊரெல்லாம் சொல்றாரு. அது இல்லன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு. நீங்களும் சொல்லிடாதீங்க." சற்று நிறுத்தி, "அம்மாவச் சொன்னதத்தான் மறக்கல" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நேற்று திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில், டீக்கடை வாசலில் கொத்தனார் நின்றிருந்தார். "வாங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் முறை. அவர் திகைத்துப்போய், "என்ன தம்பி, என்னயப் போயி வாங்க போங்கன்னு?" என்று சிரித்தார். பிறகு என் தோளில் கையைப் போட்டு, பெஞ்சில் இருந்தவரிடம் திரும்பினார். "தம்பி போட்டுக் குடுத்த பொட்டிங்க. எட்டு வருசமா பகல் பூரா ஓடுது. நானே தொட்டுப் பாப்பேன், சூடே ஆவாது."

மடித்த தாள் என் சட்டைப்பையில் இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.