நல்ல எண்ணெய்

சனிக்கிழமை காலை. பாளையங்கோட்டையில் ஒரு டீசல் பட்டறை.

இருந்தவர்கள் இவர்கள். மெக்கானிக் டேனியல் அண்ணாச்சி. ஸ்கூல் வேன் ஓட்டும் சுடலைமுத்து. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த காதர் – காயல்பட்டினத்துக்காரர், சுடலையின் பழைய கூட்டாளி. அப்புறம் நான். என் லோடு ஆட்டோவுக்கு கிளட்ச் வேலை.

சுடலை பேசவில்லை. பேசாமல் இருக்கிற ஆள் இல்லை அவன்.

"என்னலே, வாயில கொழுக்கட்டையா?" என்றார் டேனியல் அண்ணாச்சி.

"எஃப்.சி.க்குப் போனேன் அண்ணாச்சி. புகை ஜாஸ்தின்னு தள்ளிட்டாங்க. திங்கக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்காங்க."

"அன்னைக்கும் தள்ளிட்டா?"

"ரூட்டு போயிரும்."

விஷயம் இதுதான். புதன்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. திங்கள் சாயங்காலத்துக்குள் தகுதிச் சான்றைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் இன்னொரு வேனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவன் ஊரான தருவைப் பக்கத்துப் பிள்ளைகளை ஆறு வருஷமாக ஏற்றி இறக்குகிறவன். வேறு வரும்படி இல்லை.

டேனியல் அண்ணாச்சி வேனின் முன் சீட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தார்.

அங்கே இருந்தது – சிவப்பாக, கூம்பு மாதிரி ஒரு ஏர் ஃபில்டர்.

கம்பெனி கொடுத்த கறுப்பு டப்பாவைக் கழற்றிவிட்டு அதை மாட்டியிருந்தான். போன லீவில் காதர் கொண்டுவந்த அன்பளிப்பு. பேப்பர் ஃபில்டர் மாதிரி தூக்கிப்போட வேண்டாம். துணி. கழுவிக் கழுவி மாட்டலாம். காற்று நிறையப் போகும், வண்டி பிய்த்துக்கொண்டு இழுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்ததாம்.

நானும் அந்த வேனில் போயிருக்கிறேன். மணிமுத்தாறு ஏற்றத்தில் ஒரு உறுமல்... என்ன சத்தம்! எனக்கும் ஒன்று கொண்டுவரச் சொல்லிக் காதரிடம் கேட்டு வைத்திருந்தேன். பொய் சொல்வானேன்?

டேனியல் அண்ணாச்சி கூம்பைக் கழற்றினார். மோந்து பார்த்தார். திரும்பவும் மோந்து பார்த்தார்.

"ஏலே, இதுல என்னத்த ஊத்தியிருக்க?"

"எண்ணெய்தான்."

"என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய். செக்குல ஆட்டினது."

டேனியல் அண்ணாச்சி கூம்பை எங்கள் பக்கம் நீட்டினார். நாங்களும் மோந்து பார்த்தோம்.

"இவருதான் சொன்னாரு." சுடலை காதரைக் காட்டினான். "மாசம் ஒருக்கா கழுவணும், காயவச்சு நல்லெண்ணெய் போடணும்னு. போன்ல."

காதர் தலையில் கை வைத்தார். "யா அல்லா! நல்ல எண்ணெயாப் போடுன்னுலா சொன்னேன்? அதுக்குன்னு தனியா ஒரு எண்ணெய் இருக்குலே. நல்ல... எண்ணெய்!"

"அதத்தான நானும் வாங்கினேன். மாசம் ஒரு சனிக்கிழமை பார்த்துத் தேய்ச்சு விட்டேன்."

"சீயக்காயும் போட்டியாலே?" என்றார் டேனியல் அண்ணாச்சி.

துபாயில் இரண்டு சொல்லாகக் கிளம்பியது. தருவைக்கு ஒரே சொல்லாக வந்து சேர்ந்தது.

"அதான் வேன்ல ஏறினா தோசை வாசம் வருதுன்னு பிள்ளையள் சொல்லிச்சு," என்றான் சுடலை. அப்போதுதான் அவனுக்கே பிடிபட்டது.

சிரித்தோம். அதிக நேரம் சிரிக்க முடியவில்லை.

மாசி, பங்குனியில் தருவை ரோட்டுக்கு இரண்டு பக்கமும் அறுப்பு மெஷின் ஓடும். வைக்கோல் தூசி புகை மாதிரி எழும்பும். அவ்வளவும் கழுவியும் போகாமல் நல்லெண்ணெயில் ஒட்டிப் பிசினாகிக் கிடந்தது. காற்று போக வழி இல்லை. காற்று இல்லாவிட்டால் டீசல் எப்படி முழுதாக எரியும்? அரைகுறையாக எரிந்து கறுப்புப் புகையாக வெளியே வரும்.

"அப்ப சரியான எண்ணெய் வாங்கிப் போட்டுட்டா?" என்று கேட்டான் சுடலை.

"இரு, காட்டுதேன்," என்றார் டேனியல் அண்ணாச்சி. பழைய வெள்ளை வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்தார். விரலில் சுற்றினார். கூம்புக்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விட்டுத் துடைத்தார்.

துணி செம்மண் நிறமாக வந்தது.

"இது ஃபில்டரத் தாண்டி உள்ள போன தூசி. எஞ்சின் இதத்தான் தின்னுக்கிட்டு இருந்திருக்கு."

அப்புறம் என் ஆட்டோவுக்கு வந்தார். அதே மாதிரி கறுப்பு டப்பா. உள்ளே சாதாரணப் பேப்பர் ஃபில்டர், அழுக்காக இருந்தது. அதற்குப் பின்னால் உள்ள குழாயில் புதுத் துண்டை விட்டுத் துடைத்தார்.

வெள்ளையாகவே வந்தது.

"இது மண்ணும் ஜல்லியும் ஏத்துத வண்டி. பாத்துக்க."

நான் பார்த்தேன். அந்த டப்பாவை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் சரியாகப் பார்த்ததில்லை. செய்தவன் அதன் வாயை மேலே, தூசி எழும்பாத பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறான். எஞ்சின் சூடு படாமல் வெளியே உள்ள குளிர்ந்த காற்றை எடுக்கிறது. மழைத் தண்ணீர் புகுந்தால் வடிய அடியில் சின்னத் துளை. உள்ளே இருக்கிற காகிதத்தின் மடிப்புகளைப் பிரித்து விரித்தால் ஒரு சின்னப் பிள்ளையைப் படுக்கவைக்கலாம். அவ்வளவு காகிதத்தை ஒரு சோற்று வாளி அளவில் அடக்கி வைத்திருக்கிறான். யார் பெற்ற பிள்ளையோ... கெட்டிக்காரன்!

"கூம்பு எஞ்சினுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு சூட்டுக் காத்தல்லா இழுக்குது," என்றார் டேனியல் அண்ணாச்சி.

"சத்தம் கூடிச்சே அண்ணாச்சி?" என்றான் சுடலை.

"டப்பா போயிட்டுன்னா சத்தம் கேக்கத்தாம்லே செய்யும். அது இழுவை இல்ல. சத்தம்."

காதர் முகம் தொங்கிப்போயிருந்தது. ஆசையாகக் கொண்டுவந்தவர் அல்லவா? டேனியல் அண்ணாச்சி அதையும் கவனித்தார். கூம்பைத் துணியில் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"உம்ம சாமான் மட்டம் இல்ல வே. ரேசுக்குப் போற வண்டில மத்ததெல்லாம் மாத்தி இதையும் மாத்தினா பலன் உண்டு. பிள்ளையள ஏத்துத வேனுக்கு எதுக்கு?"

புதுக் கூம்பு விற்றிருக்கலாம். அதற்கான எண்ணெயும் விற்றிருக்கலாம். அவர் கேட்டது வேறு.

"பழைய டப்பா எங்கலே?"

"வீட்டுல இருக்கு."

"எடுத்துட்டு வா. புதுசு வரணும்னா செவ்வாய்க்கிழமை ஆயிரும்."

சுடலை நகரவில்லை. "அதுல... கோழி அடை கிடக்கு அண்ணாச்சி."

காதர் வண்டியில் நானும் சுடலையும் போனோம். நெருக்கி உட்கார்ந்தோம். வீட்டுக் கொல்லையில், டப்பாவின் கீழ்ப்பாதியில் வைக்கோல் பரப்பி, கோழி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. சுடலையின் மனைவி பேச்சி குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதிய. இப்ப எழுப்பினா முட்டை எல்லாம் கூமுட்டையாப் போயிரும்."

"ஏட்டி, ரூட்டு போயிரும்ட்டி!"

"இருந்த சாமானக் கழட்டாதிய, கழட்டாதியன்னு தலப்பாடா அடிச்சேன். கேட்டியளா?"

சுடலை கோழியைப் பார்த்தபடி நின்றான். அவளே உள்ளே போய் ஓலைக் கடகப் பெட்டி ஒன்று கொண்டுவந்தாள். வைக்கோலோடு முட்டைகளைப் பைய அதில் மாற்றினாள். கோழி சுடலையின் கையில் இரண்டு கொத்து கொத்திவிட்டுத்தான் இடம் மாறியது. டப்பாவைத் தேய்த்துக் கழுவி அவன் கையில் கொடுத்தவளும் அவள்தான். "இனிமே இதக் கழட்டினா கோழியோட நானும் அதுக்குள்ள உக்காந்துருவேன்," என்றாள்.

மத்தியானம் டப்பா ஏறியது. புது பேப்பர் ஃபில்டர் ஒன்று – ஒரு பிரியாணி விலை. டேனியல் அண்ணாச்சி குழாயைக் கழுவி, எஞ்சின் ஆயிலையும் மாற்றினார். ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டு சைலன்ஸருக்கு எதிரே வெள்ளைத் துணியைப் பிடித்தார். இலேசாக ஒரு சாம்பல் வட்டம். அவ்வளவுதான்.

வேன் உறுமவில்லை. எனக்கு அது சுகமாக இருந்தது.

மாற்றலாமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பேப்பரைக் காலாகாலத்தில் மாற்றுங்கள். டப்பாவை விட்டுவிடுங்கள். சத்தம் போடாமல் வேலை பார்க்கிறதைக் கண்டாலே நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது... வண்டியில் மட்டுமா? காதரிடம் நான் சொல்லி வைத்திருந்ததையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கள்கிழமை சோதனையில் வேன் தேறிவிட்டது. மத்தியானமே சான்றைக் கொண்டுபோய்ப் பள்ளியில் காட்டிவிட்டான். ஆனாலும் சுடலைக்குப் பயம் விடவில்லை. இடையில் எத்தனை வீட்டுக்காரர்கள் வேறு வேனுக்குச் சொல்லி வைத்தார்களோ?

புதன்கிழமை காலை பள்ளி வாசலில் ஒரு லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. ஒவ்வொன்றாக இறங்க இறங்க, சுடலை வாய்விட்டு எண்ணினான். பழைய பிள்ளைகள் பதினேழில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. புதிதாக இரண்டு.

மொத்தம் பத்தொன்பது.