நம்பகமான வாய்ப்பு

பஹ்மியாவுக்கு லிங்க்ட்இன்னில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்புகள் இருந்தன. அவர்களில் பெரும்பாலானவர்களின் குரலை அவள் கேட்டதே இல்லை. கிண்ணியாவில் பிறந்தவள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு உணவுச் சாமான் ஏற்றிக் கொடுக்கும் சிறிய கம்பனியொன்றில் ஆட்சேர்ப்பு அவள் பொறுப்பு. காலையில் பஸ் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போதே போனைத் திறந்துவிடுவாள். பதவி உயர்ந்தவருக்கு ஒரு வாழ்த்து, புது வேலை கிடைத்தவருக்கு ஒரு வாழ்த்து. எல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட சொற்கள். விரல் பட்டால் போதும்.

அப்படித்தான் அந்த விளம்பரத்தையும் பகிர்ந்தாள். தாய்லாந்தில் வேலை, கம்பியூட்டர் தெரிந்தால் போதும், தங்குமிடம் இலவசம். மேலே, "நம்பகமான வாய்ப்பு, தவறவிடாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்தாள். அப்படி எழுதினால் நிறையப் பேர் பார்ப்பார்கள். பார்த்தார்கள். அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சில கிழமைகள் கழித்து ஒரு முற்பகலில், அவளைத் தேடி ஒரு பெண் கம்பனிக் கந்தோருக்கு வந்தாள். ஈச்சிலம்பற்றுப் பக்கம், இலங்கைத்துறையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். பெயர் துசானி.

"மிஸ், நீங்கள் போட்ட தாய்லாந்து வேலைக்கு என்ர அண்ணன் தர்மசீலன் இண்டைக்குக் காலமை பிளேன் ஏறிட்டார். அந்தக் கம்பனிக்காரரை உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஏன், என்ன விஷயம்?"

துசானி தன் போனை நீட்டினாள். ஏறுவதற்கு முன் அண்ணன் அனுப்பிய செய்தி அதில் இருந்தது. இறங்கியதும் பாஸ்போட்டையும் போனையும் டிரைவரிடம் கொடுக்க வேண்டுமாம், அங்கிருந்து எல்லைப் பக்கம் நீண்ட தூரம் வாகனத்தில் போக வேண்டுமாம்.

"இது வழமையா மிஸ்?"

தாய்லாந்து எல்லைக்கு அப்பால் முகாம்களில் இளைஞர்களை அடைத்து, அடித்து, கம்பியூட்டரில் ஊராரை ஏமாற்ற வைக்கிறார்கள் என்ற செய்தியைப் பஹ்மியாவும் கண்டிருக்கிறாள். விரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். அவசரமாக விளம்பரக்காரரின் பக்கத்தைத் தேடினாள். பக்கமே இல்லை. தர்மசீலனின் போன் நிறுத்தப்பட்டிருந்தது.

"எனக்கு அவங்களத் தெரியா, துசானி. விசாரிக்காமத்தான் போட்டனான்."

"அண்ணன் உங்கட பேரைப் பார்த்துத்தான் நம்பினவர்" என்றாள் துசானி. பிறகு கதிரையில் இருந்துவிட்டாள்.

விமானம் பாங்கொக்கில் இறங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பஹ்மியா பொலிசுக்குப் போன் எடுத்தாள். முறைப்பாட்டை நேரில் வந்து எழுதச் சொன்னார்கள். உதவி கேட்டு லிங்க்ட்இன்னில் எழுதினாள். கைகூப்பும் படங்கள் வந்தன, அழும் முகங்கள் வந்தன, "பிரார்த்திக்கிறோம்" என்று பலர் எழுதினார்கள். பாங்கொக்கில் இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை.

பிறகுதான் தன் தொடர்புகளுக்குள் பாங்கொக் என்று தேடினாள். வந்த பெயர்களில் ஒன்று கலீலுர் றஹ்மான், மூதூர்க்காரர், ஹோட்டல் ஒன்றில் வேலை. எப்போதோ அவளுக்கு எழுதியிருந்தார்: "நீங்க கிண்ணியாவா? இங்க தமிழ் கதைக்க ஆளில்ல. ஊர்ல மழையா?" அதற்கு அவள் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பியிருந்தாள். அதைப் பார்க்க அவளுக்குக் கூசியது. ஆனாலும் அவருடைய பக்கத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா. கிண்ணியா பஹ்மியா. நீங்க கேட்டதுக்கு நான் பதிலே சொல்லல்ல..."

நானா என்று அண்ணன் முறை வைத்து அழைத்தவள், அழுதபடியே நடந்ததைச் சொன்னாள். அவர் இடைமறிக்காமல் முழுவதையும் கேட்டார்.

"அழாம இரிங்க தங்கச்சி. புள்ளட படத்த அனுப்புங்க. நான் எயார்போட்டுக்கு வெளிக்கிடுறன்."

அதன் பிறகு காத்திருப்புத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்கள். வாகன இரைச்சல் கேட்டது, பிறகு புரியாத மொழியில் அறிவிப்புகள். பஹ்மியா கலிமாவை முணுமுணுத்தாள். துசானி தன் விரல்களையே நெரித்துக்கொண்டிருந்தாள்.

"பேர்ப் பலகை பிடிச்சிட்டு ஒருத்தன் நிக்கான்" என்று கலீலுர் றஹ்மான் தாழ்ந்த குரலில் சொன்னார். "பக்கத்துல ஏற்கெனவே ரெண்டு பொடியன்மார் நிக்காங்க. நம்மட நாட்டுப் புள்ளையள் மாதிரி இரிக்கி."

கொஞ்சம் கழித்து அவர் கத்தினார்: "இலங்கைத்துறை தர்மசீலன்! இங்கால வா! உன்ட தங்கச்சி போன்ல!"

இழுபறிச் சத்தம். யாரோ ஒருவன் ஆங்கிலத்தில் ஏசினான். பொலிசைக் கூப்பிடுவேன் என்று கலீலுர் றஹ்மான் அதைவிட உரக்கச் சொன்னார். பிறகு யாரோ மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது.

"துசானி?"

"அண்ணன், அவையோட போகாதேங்கோ. பாஸ்போட்?"

"என்னட்டத்தான் இருக்கு."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு துசானி அழுதாள்.

மற்ற இருவரையும் கலீலுர் றஹ்மானால் நிறுத்த ஏலவில்லை. பொலிசுக்காரரை அவர் கூட்டி வருவதற்குள் பலகைக்காரன் அவர்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

தர்மசீலன் அவருடைய அறையில் தங்கி, டிக்கட் கிடைத்ததும் ஊர் திரும்பினான். பஹ்மியா பொலிசில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அந்த விளம்பரத்தை விசாரிக்காமல் பகிர்ந்தேன், யாரும் போகவேண்டாம் என்று லிங்க்ட்இன்னிலும் தன் பெயரிலேயே எழுதினாள். வாழ்த்துப் பொத்தானை அழுத்துவதை விட்டாள். வேலை கேட்டு எழுதுபவர்களுடன் போனில் கதைத்தாள். கலீலுர் றஹ்மானிடம் ஊர் மழையைப் பற்றிச் சொன்னாள். மூதூரில் இருந்த அவருடைய மனைவி சுஹைராவும் அவளுக்குப் பழக்கமானாள். ஆனால் போனில் வெளிச்சம் வரும்போதெல்லாம் வாகனத்தில் ஏற்றப்பட்ட அந்த இருவரின் நினைவு வந்தது.

ஒருநாள் முன்பின் தெரியாத ஒரு தாய் எழுதியிருந்தாள். "மகள், நீங்கள் எச்சரிக்கை போட்டதைப் பார்த்தேன். என் மகனும் அந்த வேலைக்குத்தான் போனவன். போனதிலிருந்து ஒரு பேச்சுமில்லை." கூடவே மகனின் படமும் ஒரு போன் இலக்கமும். பஹ்மியா படத்தைக் கலீலுர் றஹ்மானுக்கு அனுப்பினாள்.

"ஓம் தங்கச்சி" என்று பதில் வந்தது. "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன்தான்."

என்ன சொல்வதென்று தெரியாமலேயே பஹ்மியா அந்தத் தாயின் இலக்கத்தை அழுத்தினாள்.