மணிமுத்துவும் இரண்டு என்டரும்

ஓட்டல் நடத்தி நொடித்தவனைப் பார்த்தால் ஊர் இரக்கப்படும். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க ஒரு புரோகிராம் எழுதி, அதன் உள்விவரம் முழுவதையும் திறந்து வைத்து, "எடுத்துக்கோ, தப்பு இருந்தால் நீயே திருத்திக்கோ" என்று சும்மா கொடுப்பவனைப் பார்த்தால் சந்தேகப்படும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் நான்தான் அந்தச் சந்தேகத்துக்குரிய ஆள். பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். மற்ற நேரமெல்லாம் 'மணிமுத்து' என்ற அந்தப் புரோகிராமுக்குத் தலைவன், தொண்டன், வாட்ச்மேன். நெல்லையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைகளில் பாதி அதில்தான் ஓடின. சிங்கப்பூர், கனடா என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் ஒரு மெயில் குரூப் வழியாகத் திருத்தம் அனுப்புவார்கள். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பது என் முடிவு; குரூப்பின் பாஸ்வேர்டும் என்னிடம்தான். அந்தச் சமயம் பார்த்துத் திருச்செந்தூருக்கு மாற்றல் வந்தது. அங்கே அப்போது இன்டர்நெட்டுக்கு உள்ளூர் லைன் கிடையாது. மெயில் பார்க்க முடியாத தலைவனை வைத்துக்கொண்டு மணிமுத்து பிழைக்குமா? வேறு கையில் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். ஒரு சங்கத்தையோ, வாசகசாலையையோ வளர்த்து அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியில்லாமல் அலைந்தவர்களுக்கு இனி நான் சொல்வது புரியும்.

ரிப்பேர் இல்லாமலா?

முதலில் மாசானத்திடம் சொன்னேன். நெல்லை டவுனில் டி.டி.பி. கடை வைத்திருப்பவர், மணிமுத்துவின் முதல் வாடிக்கையாளர். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் எஸ்தர் டீச்சர் இனிமேல் தலைவி என்றேன். அவர் அனுப்புகிற திருத்தங்களில் நான் குறை கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

மாசானம் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, டீச்சர் எனக்குச் சொந்தமா என்று கேட்டார். இல்லை. எனக்கு உடம்புக்கு ஏதுமா? இல்லை. யாரும் மிரட்டினார்களா? இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "நல்லா ஓடுத வண்டிய எவனாவது சும்மா குடுப்பானா? உள்ள ஏதோ ரிப்பேரு இருக்கு. எங்கிட்ட மட்டும் சொல்லிருங்க அண்ணாச்சி."

தாம்பாளத்தில் பிளாப்பி

எஸ்தர் டீச்சர் வாங்கிக்கொள்ள வீட்டுக்கு வந்தார். வெறுமனே எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று என் மனைவி சிவகாமி, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, அதற்கு நடுவில் மணிமுத்து அடங்கிய பிளாப்பித் தகடுகளை அடுக்கிவிட்டாள். டீச்சர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தாம்பாளத்தின் விளிம்பை நான் கொஞ்சம் தாமதித்துத்தான் விட்டேன். கூடவே, எல்லாவற்றையும் கொடுத்துவிடவில்லை என்ற ஒரு ரகசியத் தெம்பும் இருந்தது.

டீச்சர் நிதானமாக வெற்றிலையை விலக்கிப் பார்த்தார், பழத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் இருக்கு சார், மெயில் குரூப்போட பாஸ்வேர்டைத்தான் காணோம்."

சனிக்கிழமை பஸ்

பாரத்தை இறக்கி வைப்பதற்காக ஊர் உலகமே திருச்செந்தூருக்கு வரும். நான் சனிக்கிழமையானால் அங்கிருந்து பாரத்தைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். மொட்டைத் தலைகளுக்கு நடுவே நின்றுகொண்டு போய், கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்ட அந்தக் குரூப்பில் இந்த வாரம் டீச்சர் எதை மாற்றினார், யார் என்ன எழுதினார்கள் என்று ஒன்று விடாமல் படிப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் மனசு கெட்டுப்போகும். எங்காவது ஒரு தப்பு அகப்பட்டால் திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த மாதிரி இருக்கும்.

வீட்டில் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். சிவகாமி ஒன்றையும் நம்பவில்லை: "பிள்ளையக் கட்டிக் குடுத்தாச்சு. வாராவாரம் போயி அவ வச்ச குழம்புல உப்பு பாப்பாகளா?"

சுற்றமும் நட்பும்

உண்மையில் மணிமுத்துவுக்கு ஒரு ரிப்பேர் இருக்கத்தான் செய்தது. அச்சுக்குக் கொடுத்தால் கடைசி வரியை விழுங்கிவிடும். முடிவில் இரண்டு தடவை என்டர் தட்டினால் விழுங்காது. கல்யாணப் பத்திரிகையில் கடைசி வரி 'சுற்றமும் நட்பும்'. அது இல்லாமல் பத்திரிகை போனால் மாமன் மச்சான் விடுவார்களா? அதனால் ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் அந்த இரண்டு தட்டு கையில் ஊறிவிட்டது. எனக்குப் பிடிகொடுக்காத அந்தக் கோளாறை டீச்சர் வந்த வேகத்தில் சரிசெய்துவிட்டார். ஆபரேட்டர்கள் கை சும்மா இருக்குமா? பழைய வழக்கப்படி தட்டினார்கள். இப்போது அந்த இரண்டு வெற்று வரியும் அடுத்த தாளுக்குப் போய், பத்திரிகைக்குப் பின்னாலேயே ஒரு வெள்ளைத்தாள் வெளியே வந்தது.

மாசானம் என்னைப் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக்கொண்டார். எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல் சந்தோஷம். அவருக்கோ அழுகை வராத குறை: "பொண்ணோட அப்பா பக்கத்துல உக்காந்து பாக்காரு அண்ணாச்சி. முகூர்த்தப் பத்திரிகைக்குப் பின்னால வெறுந்தாள் வந்தா அவரு மனசு என்ன பாடுபடும்? உங்க பழசையே குடுங்க!"

சட்டைப் பையில் தனிக்கட்சி

கொடுக்கலாம். திறந்து வைத்த புரோகிராமை யார் வேண்டுமானாலும் பிரித்துத் தனியாக நடத்தலாம், சட்டப்படி தப்பில்லை. ஆனால் நான் அதைச் செய்தால் மணிமுத்து இரண்டாகும், திருத்தம் அனுப்புகிறவர்கள் இரண்டு கட்சியாவார்கள், டீச்சர் "நீங்களே வச்சுக்கோங்க" என்று விலகிவிடுவார். எல்லாம் தெரிந்தேதான் பழையதைப் புதுப்பித்து ஒரு பிளாப்பியில் ஏற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு மணிமுத்து திரும்ப வேண்டும் போலிருந்தது.

மாசானத்தின் கடைக்குப் போகும் முன், சொல்லிவிட்டுச் செய்வோம் என்று டீச்சர் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கம்ப்யூட்டரைக் காட்டினார். தட்டினாலும் சரி, தட்டாவிட்டாலும் சரி, வெள்ளைத்தாள் வராதபடி அன்று காலையே மாற்றிவிட்டிருந்தார். பழகின கையைத் திருத்துவதைவிடப் புரோகிராமைத் திருத்துவது சுலபம் என்றார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார்: "அது ஏதும் திருத்தமா சார்? குடுங்க, மத்தவங்களோடத பாக்குத மாதிரியே பாத்துட்டு, சேக்கலாமா வேண்டாமான்னு சொல்லுதேன்."

உங்களுக்குப் பிடிபடாது

பிளாப்பி பையிலேயே இருந்துவிட்டது. சில மாதம் கழித்து, திருச்செந்தூரில் ஆபீஸ் நோட்டீஸ் ஒன்றை அடிக்க ஒரு கடைக்குப் போனேன். ஆபரேட்டர் அம்மாள் மணிமுத்துவில் மளமளவென்று அடித்துவிட்டு, முடிவில் டொக் டொக் என்று இரண்டு என்டர். புதுசில் அது தேவையில்லையே என்றேன்.

அந்தம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "இதைச் செஞ்சவரு பெரிய மூளைக்காரராம், காரணம் இல்லாமலா வச்சிருப்பாரு? உங்களுக்கு இதெல்லாம் பிடிபடாது சார், அந்த ஸ்டூல்ல பேசாம உக்காருங்க."

தலைமையைக் கொடுத்துவிட்டவன் செய்ய வேண்டியது அது ஒன்றுதான் என்பதை, அத்தனை சனிக்கிழமை பஸ்ஸுக்கும் பிறகு, அந்த ஸ்டூலில்தான் முதல்முறையாகச் செய்து பார்த்தேன்.