உப்புக் காணாது

1. சாவிக்கொத்து

அருங்காட்சியகத்தில் நான் சேர்ந்த முதல் நாளன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டவை ஒரு சாவிக்கொத்தும், கண்ணாடி துடைக்கும் துணி ஒரு கட்டும் ஆகும். ஹொல்ஸ்டெப்ரோவில் நான் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டபின், டேனிய நாட்டில், யூலாந்தின் மேற்குக் கரையிலுள்ள அச்சிறிய அருங்காட்சியகத்திற் பராமரிப்பாளனாகச் சேர்ந்தேன். அங்குள்ள காட்சிப்பொருள்கள் அனைத்தும் ஒன்றையே பற்றியன. டேனியர் அதனை ‘ரௌ’ என்பர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களிலிருந்து வடிந்து இறுகி, கடலடியிற் கிடந்து, புயல் ஓய்ந்த காலைகளிற் கரையொதுங்கும் பொன்னிறப் பொருள் அது. கற்கால மனிதர் அதில் மணி செய்தனர். உரோமாபுரிச் சீமாட்டிகள் அதற்காக வடதிசையை நோக்கி வணிகரை அனுப்பினர். அதனுள் அகப்பட்ட கொசு ஒன்று, இறக்கை கசங்காமல், இரண்டாம் அறையில் இன்றும் இருக்கிறது. அதன்மேலுள்ள கண்ணாடியை ஆறாண்டுகள் நான் துடைத்தேன்.

துடைப்பவனுக்குக் காது மூடியிருக்க வேண்டியதில்லை. வழிகாட்டிகள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கேட்டு மனப்பாடமாயிற்று. அவர்கள் ஆண்டுகளைத் தவறாகச் சொல்லும்போது என் துணி ஒரு கணம் நின்றுவிடும். வழிகாட்டியாக வேண்டும் என்ற ஆசையை நான் எவரிடமும் சொன்னதில்லை. ஆனால் தலைவி ஹன்னே அந்தத் துணியைக் கவனித்திருக்க வேண்டும்.

“சனிக்கிழமை உங்கள் தமிழ்ச் சங்கத்தார் இருபது பேர் வருகிறார்கள். நீங்களே தமிழில் சுற்றிக்காட்டுங்கள். நான் பின்னால் நின்று பார்ப்பேன். நன்றாக அமைந்தால் கோடையிலிருந்து நீங்கள் ஒம்வீசர்” என்றார். வழிகாட்டிக்கு டேனிய மொழியில் அதுதான் பெயர். (அவர் சொன்னது ‘நீ’. அம்மொழியில் இன்று அமைச்சரும் ‘நீ’யே. ‘நீங்கள்’ என் கைச்சரக்கு.)

“நன்றாக அமையாவிட்டால்?” என்று கேட்டேன்.

“கண்ணாடிகள் எங்கும் போய்விடமாட்டா” என்றார், சிரித்துக்கொண்டே.

2. இரண்டு சொற்கள்

ஐந்து நாட்கள் உரை எழுதினேன். முதற் சிக்கல் பொருளின் பெயர். ஆங்கிலத்தை ஒட்டி ‘அம்பர்’ என்று எழுதக் கை வரவில்லை. நம் பழைய வழக்கில் அது திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து வரும் வாசனைப் பண்டம். மரத்தின் பொருளுக்குத் திமிங்கிலச் சரக்கின் பெயரைச் சூட்டுவது எங்ஙனம்? ‘பிசின்’ என்றால் கிழிந்த கொப்பியை ஒட்டும் நினைவு வந்துவிடும். பழைய அகராதி ஒன்றில் ‘ஓர்க்கோலை’ கிடைத்தது. அன்று முழுவதும் எனக்குப் பசி தெரியவில்லை.

இரண்டாம் சிக்கல் சிறியது. உண்மையான ஓர்க்கோலை உப்புக்கரைசலில் மிதக்கும். சாதாரணக் கல் அமிழும். வழிகாட்டிகள் ஒரு கண்ணாடிக் குவளையில் இதனைச் செய்துகாட்டுவர். அலுவலகக் குறிப்பு ‘நான்கு மேசைக்கரண்டி உப்பு’ என்றிருந்தது. ‘மேசைக்கரண்டி’ ஆங்கிலத்தின் நிழல் படிந்த சொல்லாக எனக்குப் பட்டது. கரண்டிக்கு மேசையால் என்ன பெருமை? ‘மேசை’யை நீக்கி, ‘நான்கு கரண்டி’ என எழுதி, மூலக்குறிப்பைக் கோப்பில் திரும்ப வைத்தேன்.

சனிக்கிழமை காலை, என் உரையை நானே பின்பற்றி, குவளை நீரில் நான்கு கரண்டி உப்பை இட்டேன். பணியாளர் அறையில் இருந்தது தேநீர் கலக்கும் கரண்டி.

3. சனிக்கிழமை

பேருந்திலிருந்து முதலில் இறங்கியவர் யோகன். என்னோடு தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தவர், நா அடங்காதவர்.

“என்ன அண்ணை, கழுத்துப்பட்டியெல்லாம்! என்ன உத்தியோகம் தரப்போறாங்கள்?”

“ஒம்வீசர்.”

“எல்லாத்துக்கும் ‘ஓம், ஓம்’ எண்டு சொல்லுற வேலையோ? அதை நான் வீட்டிலை சம்பளமில்லாமல் செய்யிறன்.”

சிரிப்பொலி அடங்கியதும் தொடங்கினேன். “வடபுலக் கடல் ஈன்ற ஓர்க்கோலை எனும் ஒண்பொருளின் வரலாற்றை...”

“என்ன ஓலை?” என்று ஒரு குரல்.

“ஓர்க்கோலை.”

“பனையோலையோ, தென்னோலையோ?” என்றார் யோகன். அருகில் நின்ற அவர் மகள், கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், டேனிய மொழியில், “அப்பா, அது வெறும் ரௌ” என்றாள். “ஓ, ரௌவோ! அதை முதலே சொல்லியிருக்கலாமே” என்று இருபது பேரும் தெளிவடைந்தனர். ஐந்து நாட் புலமை ஒரே அசையில் முடிந்தது.

அடுத்தது பற்சோதனை. கல்லைப் பல்லில் தட்டினால் ‘டிக்’ என்று ஒலிக்கும். ஓர்க்கோலை மெத்தென்று ஒலிக்கும். கூழாங்கற்களும் ஓர்க்கோலைத் துண்டுகளும் கலந்த கிண்ணத்தை ஹன்னே எடுத்துத் தாமே ஒன்றைப் பல்லில் தட்டிக் காட்டி, மீண்டும் கிண்ணத்திற் போட்டு, அன்போடு நீட்டினார்.

ஒரு கையும் நீளவில்லை.

“அண்ணை,” என்றார் யோகன் தாழ்ந்த குரலில், “இது இதுவரைக்கும் எத்தினை பேற்ற வாயுக்கை போய் வந்திருக்கும்?”

“எச்சில்” என்ற சொல் வரிசையின் கடைசிவரை மெல்லச் சென்று சேர்ந்தது. அனைவரும் தத்தம் சப்பாத்துகளை நோக்கினர். கிண்ணம் சென்ற வழியே திரும்பிற்று. ஹன்னேயின் முகத்தில், கண்ணாடிகள் எங்கும் போய்விடமாட்டா என்பது தெளிவாக எழுதியிருந்தது.

எஞ்சியது குவளை ஒன்றே. “மெய்ப்பொருள் மிதக்கும், பொய்ப்பொருள் அமிழும்” என்று உரத்து வாசித்தேன். புளியங்கொட்டை அளவான ஓர்க்கோலைத் துண்டு ஒன்றை நீரில் விட்டேன்.

அது சற்றும் தயங்காமல் அடிக்குச் சென்று படுத்துக்கொண்டது.

“அப்ப இது பொய்ப்பொருள்” என்றார் யோகன். “நூதனசாலைக்கே ஆரோ பிளாஸ்டிக் வித்துப்போட்டாங்கள் அண்ணை.”

“அந்தக் கொசுவும் பிளாஸ்டிக்கோ?” என்று இன்னொருவர் கேட்டார்.

என் உரையின் நாற்பது பக்கங்களையும் அவசரமாகப் புரட்டினேன். ஹன்னே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பொழுது பின்வரிசையிலிருந்து திரேசம்மா முன்னே வந்தார். மன்னாரைச் சேர்ந்தவர், ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கூடத்தைப் பல ஆண்டுகளாக நடத்துபவர். குனிந்து குவளையைப் பார்த்தார். ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நாவில் வைத்தார்.

“உப்புக் காணாது, இன்னும் வேணும்” என்றார்.

“அளந்து போட்டனான், நாலு கரண்டி” என்றேன். உரைநடை என்னைக் கைவிட்டிருந்தது.

“எந்தக் கரண்டி?”

கரண்டியைக் காட்டினேன்.

“ஐயோ, இது சீனி கலக்கிறதெல்லோ! இரத்த அழுத்தக்காரருக்கு நான் வைக்கிற சூப்பிலையே இதைவிட உப்பு நிக்கும். பையைத் தாங்கோ.”

“அவர் என்ன சொல்கிறார்?” என்று ஹன்னே கேட்டார். பொய் சொல்ல ஒரு நல்ல வாய்ப்பு. ஆயினும் மொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்பே. “என்னுடைய கடல், நோயாளிகளின் சூப்பைவிடச் சப்பென்று இருக்கிறதாம்” என்றேன். ஹன்னே வாய்விட்டுச் சிரித்து, தாமே ஓடிச்சென்று உப்புப் பையைக் கொண்டுவந்தார்.

திரேசம்மா அளக்கவில்லை. கையால் அள்ளிப் போட்டார்; கலக்கினார்; ருசி பார்த்தார்; மறுபடி போட்டார். இருபது தலைகள் குவளையைச் சூழ்ந்தன. “இன்னும்” என்றார் ஒருவர். “காணும், காணும்” என்றார் மற்றொருவர். “நீங்கள் பேசாமல் நில்லுங்கோ, சமைக்கிறது நான்” என்றார் திரேசம்மா. ஓர்க்கோலை அடியில் ஒரு முறை புரண்டது. பிறகு எழுந்தது. யோகனின் மகள் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு முன்னே வந்து நின்றாள். மேலே வந்து அது மிதந்தபோது கைதட்டல் எழுந்தது.

அதன்பின் நான் எதையும் வாசிக்க நேரவில்லை. கேள்விகள் வந்தன. மரம் எது, கொசு எப்படி அகப்பட்டது, ஏன் உருகவில்லை, உரோமாபுரிக்கு எந்த வழியாற் போயிற்று. “பிசினிலை ஒட்டினமாதிரித்தான்” என்று என் வாயே சொல்லியது. எவருக்கும் விளங்காமற் போகவில்லை.

4. முடிவு

அன்று மாலை ஹன்னே என்னை அழைத்தார். “எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் முதற் கால்மணி நேரம் அவர்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். அது அமிழ்ந்த பிறகு எவரும் சப்பாத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மா சனிக்கிழமைகளில் ஓய்வாக இருப்பாரா?”

வழிகாட்டி வேலை அவருக்கே போய்விடும் என்று எண்ணினேன். ஆயினும் தொலைபேசியிற் கேட்டேன்.

“எனக்கு இங்கை கிழடுகளைப் பார்க்கவே நேரம் காணாது” என்றார் திரேசம்மா. “நீங்களே செய்யுங்கோ அண்ணை. உங்களுக்கு விசயம் தெரியும். கொஞ்சம் பிழை விடவும் தெரியுது. அதுதான் சனத்துக்குப் பிடிச்சது.”

இதனையும் அப்படியே மொழிபெயர்த்தேன். கோடையிலிருந்து ஓய்வுபெறும்வரை ஒம்வீசராக இருந்தேன்.

இளைய வழிகாட்டிகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: எல்லாவற்றையும் நீங்களே சரியாகச் செய்துவிடாதீர்கள்; பார்க்க வந்தவருக்கும் ஒரு வேலை வையுங்கள். அன்று தவறாகச் செய்ததைப் பிறகு நான் வேண்டுமென்றே செய்தேன். ஒவ்வொரு முறையும் உப்பைக் குறைத்தே இட்டேன். துண்டு அமிழும், நான் வாய் திறவாமல் நிற்பேன். டேனியக் குழுவாயின் நெடுநேரம் அமைதி நிலவும். இறுதியில் ஒருவர், தமக்கு இத்துறையில் அறிவில்லை என்ற முன்னுரையோடு, ஓர் ஐயத்தை எழுப்புவார். நம்மவராயின், துண்டு குவளையின் அடியைத் தொடுமுன்பே மூன்று பேர் உப்புக்குக் கை நீட்டியிருப்பர்.