எண்ணெய் தேய்ப்பவரின் ரத்த ரிப்போர்ட்

குற்றாலம் ஐந்தருவியில் எனக்கு எண்ணெய் தேய்த்தவர் ஒல்லியான மனிதர். எண்ணெய்ப் பாட்டில்களோடு, லேமினேட் செய்த இரண்டு ரத்த ரிப்போர்ட்டுகளையும் பையில் வைத்திருந்தார். நான் உட்கார்ந்ததுமே அவற்றை எடுத்து நீட்டினார்.

"ரத்தத்துல கொழுப்பு ஏறிக் கெடந்துச்சு அண்ணாச்சி. டாக்டர் சாளை மீன் திங்கச் சொன்னாரு. நான் எண்ணெயில பொரிச்சே தின்னேன், எறங்கல. பொறவு கொழம்பு வச்சுத் தின்னேன். இப்பம் பாருங்க, பாதியா எறங்கிட்டு!"

"மீன்ல இருக்கிற எண்ணெயும் கொழுப்புதானே?" என்றேன்.

"கொழுப்புதான். ஆனா அது ஈரலுக்குள்ள போயி, கொழுப்பு செய்யுத ஜீனை அடக்கிருதாம். டாக்டரே சொன்னாரு." என் தொப்பையைத் தட்டினார். "நான் தேய்க்கது தோலோட நின்னுரும். இதைக் கரைக்கதுக்கு நான் பத்தாது."

குளித்துத் திரும்பும்போது அடுத்த ஆளுக்கு முன்னால் அந்த இரண்டாவது ரிப்போர்ட்டை, ஜெயித்த கோப்பையைப் போல் உயர்த்திப் பிடித்திருந்தார். எண்ணெய்ப் பாட்டில் இன்னும் திறக்கப்படவில்லை.