அம்மாவின் முதுகும் என் வலது காலும்

நான் கால்முந்திப் பிறந்தவன். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்த பிள்ளை மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இடுப்புப் பிடித்தவர்கள், எங்களைப் போன்ற கிறிஸ்து வேதக்காரர் ஆனாலும் இந்துக்கள் ஆனாலும், என் வீட்டுக்கு வந்து குப்புறப் படுப்பார்கள். வலது காலால் மூன்று முறை மிதிப்பேன். அதை அஞ்ஞானம் என்று பிரசங்கித்த உபதேசியாரும் ஒருமுறை வந்து படுத்தார்.

தில்லியில் தர்பார் நடந்ததற்கு அடுத்த ஆண்டு, ஐப்பசியில், கிணற்றடியில் குனிந்து குடத்தைத் தூக்கிய என் தாயார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக அவர் கூனிவருவதைக் கவனித்திருந்தேன். வயது என்று விட்டுவிட்டேன்.

"சுளுக்குதாம்யா. ஒரு மிதி மிதிச்சு விடு, சரியாப் போவும்."

மிதித்தேன். மூன்றாவது மிதியில் உள்ளங்காலுக்குக் கீழே ஏதோ இறங்கியது. ஈரத்துணிக்குள் சுள்ளி ஒடிந்தது போல ஒரு சத்தம். அம்மா அலறவில்லை.

"போதும்யா. இறங்கு" என்றார்.

ஆற்றின் நீர்மட்டம், மழை, ஊர்ச் செய்தி எல்லாவற்றையும் நாள் தவறாமல் எழுதிவைப்பது என் வழக்கம். அன்றைய பக்கத்தில், "வடகிழக்கில் மேகம். ஆற்றில் செம்புனல்" என்று மட்டும் இருக்கிறது.

மறுநாள் அவரைப் பலகையில் கிடத்தி மாட்டுவண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெள்ளைக்கார டாக்டர் துரைசானி முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது சுளுக்கு அல்ல. முதிர்ந்த பெண்களுக்கு எலும்பு உளுத்துப்போவதுண்டு. குடம் தூக்கியபோதே நசுங்கியிருக்கும். பிறகு ஏதேனும் செய்தீர்களா?"

"ஒண்ணும் செய்யலம்மா" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

"நான் மிதித்தேன்" என்றேன்.

துரைசானி என்னைத் திட்டவில்லை. என் கால்களை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பின் நான் யாரையும் மிதித்ததில்லை.

அம்மா கேட்டது ஒன்றுதான். அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் ஆலயத்துக்கென்று ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போடுவது எங்கள் வழக்கம். பிசான நெல் அறுவடைக்குப் பின் ஸ்தோத்திரப் பண்டிகையில் பெண்கள் அதைத் தலையில் சுமந்துபோய்ப் படைப்பார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மா ஓர் ஆண்டும் தவறியதில்லை.

"பண்டியலுக்கு நடந்து போயிருவனாம்மா?"

"நடக்கலாம். சுமக்கக்கூடாது. படுத்தே கிடந்தால் நடக்கவும் முடியாது. நசுங்கிய எலும்பு திரும்ப உயராது. மற்றவற்றைக் காப்பாற்றலாம்" என்றார் துரைசானி.

முதல் வாரங்கள் பலகைக் கட்டிலில் கழிந்தன. பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பழக்கினார். குப்புறப் படுத்து நெஞ்சை இம்மி அளவு தூக்கவேண்டும். சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட, மோவாயை உள்ளிழுத்து நிற்கவேண்டும்.

"பைய, பைய. மூச்ச அடக்காதிய. நாடிய உள்ள இழுங்க."

"என்னப் பட்டாளத்துல சேக்கப் போறியளா?"

"துரைமாரு எடுத்துக்கிட மாட்டாவ. சும்மா நில்லுங்க."

தரையில் கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்கவேண்டும் என்பதுதான் அம்மாவுக்குக் கடினமாக இருந்தது. ஐம்பது ஆண்டுகளாகக் குனிந்தே வேலை செய்த உடம்பு. விளக்குமாற்றைக் கண்டால் தானே வளையும்.

வாரம் ஒருமுறை அவர் தலை எட்டும் இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். தைக்குள் இரண்டு விரற்கடை ஏறியது. பிறகு நின்றுவிட்டது. மாசியில் ஒருநாள் மனம் பொறுக்காமல் சற்று மேலே வரைந்தேன். அம்மா திரும்பிப் பார்த்தார்.

"பொய்க்கோடு போடாத. எனக்குத் தெரியும், நான் எங்கன நிக்கேன்னு."

அழித்தேன். அழித்த தடம் வெகுநாள் இருந்தது.

பண்டிகை அன்று அம்மா நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் நின்றார். பின்னால் பெண்கள் வரிசையில் கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நான் ஒருவன்.

"அண்ணாச்சி, சும்மாடு தரட்டுமா? தல வலிக்கப் போவுது" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆம்பளத் தல, கொஞ்சம் நோவட்டும்" என்றார் அம்மா.

ஆலயத்தில் கலயத்தை இறக்கி வைத்தேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதற்குள் ஒரு பிடி அரிசி. அதைத் தாமே வைக்கவேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார். நான் கை நீட்டினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. முதுகை வளைக்காமல், பழக்கியபடி முழங்காலை மடக்கி மெல்ல இறங்கி, அரிசியைக் கலயத்தில் இட்டு, பெஞ்சின் விளிம்பைப் பற்றி எழுந்தார். எழுந்து நின்ற உயரம், எனக்குத் தெரியும், சுவரில் இருந்த கடைசிக் கோடுதான்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைய பக்கத்தில் இதை எழுதினேன். பிறகு ஐப்பசிக்குத் திருப்பி, "ஆற்றில் செம்புனல்" என்பதற்குக் கீழே விட்டுப்போன வரியையும் எழுதினேன்: இன்று அம்மாவின் முதுகை மிதித்தேன்.